66 அடிக் கம்பி. 36 அடி மாடி!

மொட்டை மாடியில் ஒரு கம்பி, மார்பு உயரத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

வீட்டு அம்மாள் வாளியோடு படியேறி வந்தார். கம்பியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிழிந்து வைத்த வேட்டியை எடுத்து அதன் மேல் வீசப் போனார்.

"ஐயையோ, போடாதே! அது கொடி இல்லை, ஏரியல்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார் அவருடைய கணவர்.

"ஏரியலா? ஒரு வாரமா இதே கூத்து. அப்ப நான் எங்கேதான் துணி காயப் போடறது?"

நியாயமான கேள்விதான். வீட்டுக்காரரிடம் பதில் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இடம்: நாகப்பட்டினம். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். "பேர் எல்லாம் வேண்டாம் தம்பி. வாத்தியார்னு போடு, போதும்" என்று சொல்லிவிட்டார்.

இந்த வாத்தியாருக்கு ரேடியோவில் பேச வேண்டும். பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல. நாமும் பேசலாம், எதிரே இருப்பவரும் பேசலாம். அதற்கு "ஹாம் ரேடியோ" என்று பெயர். மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் வாங்க வேண்டும். வாத்தியார் தேறிவிட்டார். கருவியும் வாங்கிவிட்டார். ஏரியல்தான் தகராறு!

அந்த ஞாயிற்றுக்கிழமை

இந்த வயதில் இவருக்கு இந்த ஆசை ஏன் வந்தது?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கடல் ஊருக்குள் வந்த நாள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். வாத்தியாரின் அக்காள் குடும்பம் கடற்கரைப் பக்கம் இருந்தது. போன் போட்டார். மணி அடிக்கவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிய 2 நாள் ஆயிற்று.

"அந்த 2 நாளை நான் மறக்கலை தம்பி" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அதே நாளில், நாகையிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் தொலைவில், அந்தமானில் ஒரு பெண்மணி ஹாம் ரேடியோவின் முன் இருந்தார். அவர் பெயர் பாரதி பிரசாத். பல ஆண்டுகளாக அந்தமானில் ஹாம் ரேடியோவுக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. 2004-ல்தான் அனுமதி கிடைத்தது. உலகெங்கும் உள்ள ஹாம் நண்பர்களோடு பேசிப் பார்ப்பதற்காக அவரும் அவர் குழுவினரும் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார்கள். (அந்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.)

பூமி குலுங்கியது. கடல் எழுந்தது. போன்கள் செத்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டு போன ரேடியோ உயிர் காக்கும் ரேடியோ ஆயிற்று. "இன்னார் உயிரோடு இருக்கிறார்" என்ற செய்தி அந்த ரேடியோக்கள் வழியாக வெளியே போனது.

வாத்தியார் இதைப் பிற்பாடு பத்திரிகையில் படித்தார். ஓய்வு பெற்றதும் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தார்.

கம்பிக்கு ஒரு கணக்கு

ஹாம் ரேடியோவுக்கு டவர் வேண்டாம். பூமிக்கடியில் கேபிள் வேண்டாம். ஒரு கார் பேட்டரி, ஒரு கருவி, ஒரு கம்பி. அவ்வளவுதான். கம்பியிலிருந்து கிளம்பும் அலை மேலே போகும். வான மண்டலத்தின் மின்னூட்டம் கொண்ட அடுக்கில் பட்டுத் திரும்பும். பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கும்.

ஆனால் அந்தக் கம்பியின் நீளம் நம் இஷ்டத்துக்கு இருக்கக் கூடாது.

கணக்கு இதுதான். வாத்தியார் பேச விரும்புவது 7.1 மெகாஹெர்ட்ஸில். அதாவது கம்பியில் மின்சாரம் ஒரு விநாடிக்கு 71 லட்சம் தடவை முன்னும் பின்னும் ஆடும். அலை விநாடிக்கு 30 கோடி மீட்டர் ஓடும். 30 கோடியை 71 லட்சத்தால் வகுத்தால் 42 மீட்டர் சொச்சம். அது ஒரு அலையின் நீளம்.

ஏரியல் அதில் பாதி இருக்க வேண்டும். நடைமுறையில் சற்றுக் குறைத்து 20 மீட்டர், 66 அடி. அதை நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைக்க வேண்டும். இரண்டு கை நீட்டிய ஆள் போல இருக்கும். இதற்கு "டைபோல்" என்று பெயர்.

66 அடி! வாத்தியார் வீட்டு மாடி 36 அடி. பக்கத்து வீட்டு மாடியில் கம்பம் நட அனுமதி கிடைக்கவில்லை. எதிர்ப் பக்கம் மின்சாரக் கம்பி போகிறது. அந்தப் பக்கம் போகவே கூடாது. ஏரியல் கம்பி அறுந்து மின்கம்பியில் விழுந்தால் உயிர் போகும். இதில் விளையாட்டு வேண்டாம், வாசகர்களே!

அப்படியானால் 33 அடியில், பாதி நீளத்தில், ஏரியல் கட்ட முடியுமா?

முடியும். எப்படி என்பதற்கு நம் ஊர் மிருதங்கமே சாட்சி.

ரவை செய்யும் வேலை

கச்சேரிக்கு முன்னால் மிருதங்க வித்துவான் என்ன செய்கிறார்? இடது பக்கத்துத் தொப்பியில், ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புகிறார். தட்டிப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம் அப்புகிறார். மறுபடி தட்டுகிறார். "தொம்" என்ற ஆழ்ந்த ஒலி வரும் வரை விடுவதில்லை.

அந்தத் தோலின் அளவு மாறவில்லை. எடை ஏறியது. எடை ஏறினால் ஆட்டம் மெதுவாகும். ஒலி கீழே இறங்கும். பெரிய தோல் கொடுக்க வேண்டிய ஒலியைச் சின்னத் தோல் கொடுத்துவிடுகிறது!

குட்டைக் கம்பியின் கதையும் இதுவே. 33 அடிக் கம்பி தன் இயல்பில் 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஆடும். அதை 7.1-க்கு இறக்க வேண்டும். கம்பிக்கு "ரவை" எது? கம்பிச் சுருள்! சுருளில் மின்சாரம் சட்டென்று ஏறாது, சட்டென்று நிற்காது. எடை ஏறிய வண்டி போல. ஆகவே ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு சுருளைச் சேர்த்தால் ஆட்டம் மெதுவாகும்.

கம்பி தன் சொந்த வேகத்தில் ஆடும் அந்த இடத்துக்கு "ஒத்ததிர்வு" என்று பெயர். ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளினால் சிறு கையும் பெரிய ஆட்டம் கொடுக்குமே, அதுதான்.

குட்டைக் கம்பிக்கு வைத்தியம் செய்தவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? ரேடியோ அலையை முதன் முதலில் உண்டாக்கிக் காட்டிய ஹென்ரிக் ஹெர்ட்ஸே! 1887-88-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் அவர் சோதனை செய்தார். அவருடைய கம்பியின் இரு முனைகளிலும் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள துத்தநாக உருண்டைகள் இருந்தன. சுருளை நடுவில் வைப்பது ஒரு வழி. முனையில் பெரிய உலோகம் வைப்பது இன்னொரு வழி. அவர் 36 வயதிலேயே இறந்துவிட்டார். பழைய ரேடியோப் பெட்டிகளில் "கிலோசைக்கிள்" என்று போட்டிருக்கும். 1960-ல் உலக அளவை மாநாடு அந்த அளவுக்கு ஹெர்ட்ஸ் பெயரை ஏற்றுக்கொண்டது.

"தாத்தா, 6.85!"

வாத்தியார் 2 சுருள் சுற்றினார். வீட்டில் ஒரு பழைய மோட்டார் இருந்தது. அதிலிருந்து மெல்லிய செம்புக் கம்பியை உருவினார். அட்டைக் குழாயில் நெருக்க நெருக்கமாகச் சுற்றினார். மேலே வார்னிஷ் பூசினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அளக்க ஒரு கருவி. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். "நானோ வி.என்.ஏ." என்கிறார்கள். முன்காலத்து ஹாம்கள் "கிரிட் டிப் மீட்டர்" என்ற கருவியைக் கம்பி அருகே பிடித்து, முள் எந்த இடத்தில் சட்டென்று சரிகிறது என்று பார்ப்பார்களாம். இந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் திரையில் தெரிகிறது.

அதைப் பிடித்துக்கொண்டு நின்றது பேத்தி. 9-ம் வகுப்பு படிக்கிறாள்.

கருவி 2 எண் காட்டும். இரண்டாவது எண்ணை முதலில் பாருங்கள். அது "மைனஸ்" என்றால் அந்த அலைக்குக் கம்பி குட்டை. "பிளஸ்" என்றால் நெட்டை. பூஜ்யம் என்றால் அதுதான் ஒத்ததிர்வு! முதல் எண்ணின் கதை பிற்பாடு வருகிறது. அதில்தான் சூது இருக்கிறது.

"தாத்தா, 6.85-ல பூஜ்யம்!" என்றாள் பேத்தி.

வேண்டியது 7.1. கம்பி கொஞ்சம் நெட்டை. வெட்ட வேண்டுமா? வாத்தியார் கத்தரியைத் தொடவில்லை.

"மார்பு உயரத்துல அளந்தது தம்பி. தளத்துல இரும்புக் கம்பி ஓடுது. அது கிட்ட இருந்தா கணக்கு கீழே இறங்கும். மேலே ஏத்திட்டுப் பார்ப்போம்."

இரண்டு சவுக்குக் கம்பில் கயிறு கட்டி, 15 அடிக்கு ஏற்றினார்கள். 6.85 இப்போது 6.92 ஆனது! முன்பே வெட்டியிருந்தால்?

அப்போதும் வெட்டவில்லை. இரு முனையிலும் சம அளவு மடித்து, தன் மேலேயே முறுக்கிவிட்டார். முழு நீளக் கம்பியில் இரு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் 7 கிலோஹெர்ட்ஸ்தான் நகரும். சுருள் வைத்த இந்தப் பாதிக் கம்பியில் அது சுமார் 15. பாதி நீளம்; இரண்டு பங்கு கோபம்! 6.92-லிருந்து 7.1-க்கு 12 சென்டிமீட்டர். அதையும் ஒரே தடவையில் செய்யவில்லை. 5, பிறகு 4, பிறகு 2, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் கம்பியை இறக்கினார், மடித்தார், ஏற்றினார், அளந்தார். நான் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உட்காரவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை. பேத்தி கேபிளைக் கையால் பிடித்தாள். திரையில் எண் மாறியது. விட்டாள். பழையபடி வந்தது. வாத்தியார் நெற்றியில் தட்டிக்கொண்டார். கேபிளின் வெளித் தோலும் மூன்றாவது கையாக ஏரியலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது! ஏரியலை அளக்கிறோம் என்று நினைத்துக் கேபிளையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். கேபிளின் மேல் முனையை 8 அங்குல விட்டத்தில் 10 சுற்று சுற்றிக் கட்டினார். பிறகு யார் தொட்டாலும் எண் அசையவில்லை. மறுபடி முதலிலிருந்து!

பொழுது சாயும்போது 7.1-ல் பூஜ்யம் வந்தது.

முதல் எண்ணைப் பார்த்தேன். 46 ஓம். கருவிகளும் கேபிளும் 50 ஓமுக்குச் செய்யப்பட்டவை. 46 என்றால் கிட்டத்தட்ட 50. அனுப்பிய மின்சாரத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் "எஸ்.டபிள்யூ.ஆர்." என்ற அளவு 1.1. ஒன்று வந்தால் பூரணம். 1.1 என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

வீட்டில் அன்று பாயசம்.

யாரும் பதில் சொல்லவில்லை

மறுவாரம் போன் செய்தேன். வாத்தியார் குரலில் சுரத்து இல்லை.

"மூணு நாளா கூப்பிடறேன் தம்பி. மத்தவங்க பேசறது கேட்குது. என் குரல் யாருக்கும் கேட்கலை."

அளவு பூரணம். ஆனால் ஆள் இல்லை. என்ன ஆயிற்று?

அதைக் கண்டுபிடித்தது பேத்தி. தாத்தா ஒரு நிமிடம் தொடர்ந்து அலை அனுப்பினார். உடனே கருவியை அணைத்துவிட்டு கம்பியை இறக்கினார்கள். (அணைக்காமல் கம்பியைத் தொட்டால் தோல் பொசுங்கும்.) பேத்தி சுருளில் கை வைத்தாள். "சுடுது தாத்தா!"

போக வேண்டிய சக்தி வானத்துக்குப் போகவில்லை. சுருளைச் சூடாக்கியிருக்கிறது!

இப்போது முதல் எண்ணின் சூதைச் சொல்கிறேன். அந்த 46 ஓமில் 2 பங்கு கலந்திருக்கிறது. அலையாக வெளியே போகும் பங்கு ஒன்று. வெந்து வீணாகும் பங்கு ஒன்று. கருவி இரண்டையும் கூட்டித்தான் காட்டும். பிரித்துக் காட்டாது.

முழு நீள டைபோலில், வெட்டவெளிக் கணக்குப்படி, வெளியே போகும் பங்கு 73 ஓம். பாதி நீளத்தில், சுருள் நடுக்கையில் இருந்தால், அது சுமார் 23 ஓமாக விழுந்துவிடுகிறது. அப்படியானால் 46-ல் மீதி 23? மெல்லிய கம்பியும், அட்டையும், வார்னிஷும் தின்றது! 50 வாட் அனுப்பினால் 25 வாட் வானத்துக்கு. 25 வாட் சுருளுக்கு.

ஆகவே அந்த அழகான 1.1-ஐக் கொடுத்தது நல்ல ஏரியல் அல்ல. கெட்ட சுருள்! இன்னும் சொல்லப் போனால், ஏரியலே இல்லாமல் ஒரு 50 ஓம் தடையை மாட்டினால் அளவு அப்படியே 1 காட்டும். அதை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக்கூடப் பேச முடியாது.

"முப்பது வருஷம் பசங்களுக்குச் சொன்னேன், விடை சரியா வந்தா மட்டும் போதாது, வழியைக் காட்டுன்னு. நானே விடையைப் பார்த்து ஏமாந்தேன்" என்றார் வாத்தியார்.

1.6 வந்தது, பதிலும் வந்தது!

இரண்டாவது சுருள். இந்தத் தடவை 2 அங்குல பி.வி.சி. குழாய். தடித்த செம்புக் கம்பி. சுற்றுக்குச் சுற்று இடைவெளி. 3 அங்குல நீளத்தில் சுமார் 30 சுற்று. குழாயில் தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் துளை. சுருள் மாறினால் ஒத்ததிர்வும் மாறும். மறுபடி இறக்கு, மடி, ஏற்று, அள. நான் இரண்டாம் முறை போனபோது கடைசி அளவு நடந்துகொண்டிருந்தது.

7.1-ல் பூஜ்யம். முதல் எண் 32 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர். 1.6.

போன வாரத்தைவிட "மோசம்"! பேத்தியின் முகம் வாடியது. வாத்தியார் சிரித்தார். 32-ல் 23 வெளியே போகிறது. 9-தான் வீண். 50 வாட்டில் 35 வாட்டுக்குக் குறையாமல் வானம் ஏறும். ஒரு நிமிடம் அலை அனுப்பிவிட்டுச் சுருளைத் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்புதான்.

மாலை 6 மணி. வாத்தியார் மைக்கை எடுத்தார். தமது அடையாள எழுத்துக்களைச் சொன்னார். ஒரு தடவை. இரண்டு தடவை. ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும். வாசலில் அம்மாள் வந்து நின்றார். கையில் துணி வாளி இல்லை.

மூன்றாவது தடவை.

இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல். கொழும்பிலிருந்து.

"வணக்கம் ஐயா. உங்கட குரல் தெளிவாக் கேட்குது."

வாத்தியாரால் உடனே பேச முடியவில்லை. மைக்கின் பொத்தானை அமுக்கினார். விட்டார். மறுபடி அமுக்கினார். "வணக்கம்... வணக்கம் ஐயா. நாகப்பட்டினத்திலிருந்து பேசறேன்" என்றார். அதற்குள் அம்மாள் பக்கத்தில் வந்து, "அங்கே மழை உண்டான்னு கேளுங்க" என்றார்.

கேட்டார். கொழும்பில் மழை பெய்துகொண்டிருந்தது.

குட்டைக் கம்பியில் இன்னொரு குறையும் உண்டு. நம் நாட்டு ஹாம்களுக்கு 7.0 முதல் 7.2 வரை இடம் இருக்கிறது. 200 கிலோஹெர்ட்ஸ். இந்தக் கம்பி அதில் 65 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதைத் தாண்டிப் பேச வேண்டுமானால் முனைகளை மறுபடி மடிக்கவோ பிரிக்கவோ வேண்டும். வாத்தியார் அதற்கு ஒரு உபாயம் வைத்திருக்கிறார். ஒரே நீளத்தில் இரு இரு துண்டுகளாகக் கம்பிகள் வெட்டி, முனையில் மாட்டிக் கழற்ற முதலைவாய்க் கிளிப் பொருத்தியிருக்கிறார். எந்தத் துண்டுக்கு எந்த இடம் என்று ஒரு பழைய வருகைப் பதிவேட்டில் பேத்தி எழுதி வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்பும்போது போன் வந்தது. இரவு நாகையிலும் மழை. சுருள் நனைந்திருக்கிறது. பூஜ்யம் 7.07-க்கு இறங்கிவிட்டதாம். வாத்தியார் ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருப்பதாகப் பேத்தி சொன்னாள். அம்மாள், துணிக் கொடியை வீட்டின் பின்பக்கம், கிணற்றடிக்கு மாற்றிக்கொண்டுவிட்டாராம்.